புதிய மீனுக்கு முதலில் தனித்தொட்டி

வீட்டோடு ஒரு வருமானம்



வீட்டில் அலங்கார மீன் வளர்ப்பது பற்றிச் சில மாதங்களாக இப்பகுதியில் எழுதி வருகிறேன். அதைப் படித்துவிட்டுக் கம்பளையிலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதம் மனதை மிகவும் வருத்தியது. யுத்தத்தில் கணவரை இழந்தவர் அவர். சீட்டு எடுத்த காசில் தொட்டிகள் வாங்கி, ஒன்றரை வருடமாகக் கப்பி மீன் வளர்த்துக் கடைகளுக்குக் கொடுத்து, அந்த வருமானத்தில் இரண்டு பிள்ளைகளின் பாடசாலைச் செலவைப் பார்த்து வந்தார். தீபாவளிக்கு முன்னர் நல்ல வால் நிறமுள்ள ஆறு சோடி மீன்களை வேறோர் இடத்தில் வாங்கி, அன்று மாலையே தம் பழைய மீன்களுடன் விட்டிருக்கிறார். ஐந்தாம் நாள் மீன்களின் உடலில் உப்புத் தூவியது போல வெள்ளைப் புள்ளிகள் தோன்றின. பத்தாம் நாள் அந்தப் பெரிய தொட்டியில் எஞ்சியவை பதினொரு மீன்கள்தாம். "அக்கா, தண்ணீர் மாற்றினேன், சாப்பாடு சரியாகப் போட்டேன். எதில் பிழை?" என்று கேட்டிருக்கிறார்.

தண்ணீரிலும் பிழையில்லை, சாப்பாட்டிலும் பிழையில்லை. புதிய மீனைச் சில வாரங்கள் தனியே வைத்துப் பார்க்க ஒரு தொட்டி அவரிடம் இருக்கவில்லை. அவ்வளவுதான். அந்தத் தொட்டி எப்படி இருக்க வேண்டும், எதைப் பார்த்துத் தெரிவு செய்ய வேண்டும் என்பதையே இம்மாதம் சொல்லப் போகிறேன். நன்னீர் மீனுக்கும் கடல் மீனுக்கும் இது பொது. வேறுபடும் இடங்களைத் தனியே குறிப்பிடுகிறேன்.

ஏன் தனியே வைக்க வேண்டும்?

வெள்ளைப்புள்ளி நோயை உண்டாக்குவது கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒட்டுண்ணி. நாம் காணும் புள்ளி, அது மீனின் தோலுக்குள் புகுந்து வளரும் இடம். வளர்ந்ததும் மீனை விட்டு உதிர்ந்து தொட்டியின் அடியில் ஒட்டிக்கொள்ளும். அங்கே ஓர் உறைக்குள் இருந்து நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிரியும். உறை வெடித்ததும் அக்குஞ்சுகள் நீந்திப் போய் வேறு மீனைத் தேடும். இரண்டு நாட்களுக்குள் மீன் கிடைக்காவிட்டால் அவை இறந்துவிடும். ஆனால் நம் தொட்டியிலோ மீன் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அதனால்தான் ஒரு மீனில் இருந்த நாலு புள்ளி பத்து நாளில் எல்லா மீன்களையும் மூடிவிடுகிறது.

நன்னீரில் 25 பாகை செல்சியஸ் வெப்பத்தில் இந்தச் சுற்று ஏறக்குறைய ஒரு வாரத்தில் முடியும். குளிர் கூடினால் சுற்று நீளும். தை மாதத்து இரவுகளில் கண்டியில் வெப்பநிலை 18 பாகை வரை இறங்குவது நமக்குத் தெரியும். கொழும்பில் ஒரு வாரத்தில் வெளிப்படும் நோய் நம் பக்கத்தில் இரண்டு வாரம் மறைந்திருக்கலாம். கடல் மீனுக்கு வரும் வெள்ளைப்புள்ளி வேறோர் ஒட்டுண்ணியால் வருவது. அதன் உறை மூன்று நாளிலும் வெடிக்கும், நான்கு வாரம் வரை பொறுத்தும் வெடிக்கும். எனவே ஒரு வாரம் பார்த்துவிட்டு "மீன் நன்றாகத்தான் இருக்கிறது" என்று முடிவு செய்யக் கூடாது. நன்னீர் மீனுக்கு மூன்று வாரம், கடல் மீனுக்கு நான்கு முதல் ஆறு வாரம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அடைத்து வைப்பது பாவமில்லையா?

திகனைப் பக்கம் வசிக்கும் ஒரு தங்கச்சி இதை என்னிடம் கேட்டாள். 1990 ஆம் ஆண்டு சிறுபிள்ளையாகத் திருகோணமலைப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்தவள். இன்று இரண்டு விருந்தினர் விடுதிகளில் உள்ள கடல் மீன் தொட்டிகளைப் பராமரித்துக் கொடுத்து மாதாமாதம் உழைக்கிறாள். "முகாமில் இருந்தவளுக்கு, ஒன்றை அடைத்து வைக்க மனம் வருகுதில்லை அக்கா" என்றாள்.

அவள் சொன்னது சிறிய விடயமல்ல. நம்மில் பலருக்குத் தனிமைப்படுத்தல் என்ற சொல்லே கசப்பானது. தோட்டங்களுக்கு வேலைக்கு வந்த நம் பாட்டன் பூட்டன்மாரைக் கப்பலேற்றுவதற்கு முன் நோய் பார்க்கவென்று மண்டபம் முகாமில் சில நாட்கள் தடுத்து வைத்தார்கள். 1983 இற்குப் பின் அதே மண்டபம் முகாமுக்கு நம்மவர்கள் அகதிகளாகப் போய்ச் சேர்ந்தார்கள். 2009 இல் வவுனியாவில் முட்கம்பிக்குள் இருந்தவர்களும் இந்தப் பக்கத்தைப் படிக்கிறார்கள். 2020 இல் கொரோனா வந்தபோது அந்தச் சொல் எல்லார் வீட்டுக்கும் வந்தது. உலகத்தில் இந்த முறை பழையது. இன்று குரோஷியாவில் உள்ள துப்ரோவ்னிக் துறைமுகம், கொள்ளைநோய் உள்ள ஊர்களிலிருந்து வருவோர் 30 நாட்கள் வெளியே தங்க வேண்டுமென்று 1377 இலேயே சட்டம் செய்தது. பின்னர் அது 40 நாளாயிற்று. இத்தாலிய மொழியில் நாற்பதைக் குறிக்கும் சொல்லிலிருந்தே ஆங்கிலத்தில் இதற்கான பெயரும் வந்தது.

தங்கச்சிக்கு நான் சொன்ன பதில் இதுதான். தடுத்து வைப்பது வேறு, வைத்துப் பராமரிப்பது வேறு. வலையில் பிடிபட்டு, பொலித்தீன் பையில் அடைபட்டு, பல மணிநேரம் குலுங்கி வந்த மீன் களைத்துப் போயிருக்கும். அதை உடனே நெரிசலான தொட்டியில் விட்டால் பழைய மீன்கள் துரத்தும், சாப்பாட்டுக்குப் போட்டியிடும். தனித்தொட்டியில் அதற்கு ஒளிய இடமும், அமைதியும், தனக்கென்று சாப்பாடும் கிடைக்கும். அதன் காவலுக்கு ஒரு முடிவு நாளும் உண்டு. அந்தத் தொட்டியை நாம் எப்படி அமைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

எவ்வளவு பெரிய தொட்டி?

60 சென்ரிமீற்றர் நீளம், 30 அகலம், 30 உயரம் உள்ள கண்ணாடித் தொட்டி பெரும்பாலான வீடுகளுக்குப் போதும். விளிம்பிலிருந்து ஐந்து சென்ரிமீற்றர் குறைத்து நிரப்பினால் 45 லீற்றர் தண்ணீர் பிடிக்கும். தண்ணீர் மட்டும் 45 கிலோ, அதோடு கண்ணாடியின் பாரமும் சேரும். ஆடும் மேசையில், பிள்ளைகள் இழுக்கக்கூடிய ஸ்ரூலில் வைக்க வேண்டாம்.

பத்துச் சோடி கப்பிக்கும், சின்னக் கோமாளி மீன் இரண்டுக்கும் இந்த அளவு சரி. கை அகலத்துக்கு மேல் வளர்ந்த கடல் மீன், எந்நேரமும் நீந்தித் திரியும் இனம் என்றால் 100 லீற்றருக்குக் குறையாமல் வேண்டும். சிறிய தொட்டி மலிவு என்று எண்ணிப் பத்து லீற்றர் போத்தலில் வைத்தால், மீனின் கழிவால் ஒரே நாளில் தண்ணீர் நஞ்சாகிவிடும்.

எதனால் செய்தது?

கண்ணாடியே நல்லது. மீனின் வயிறு, செட்டை, மூச்செடுக்கும் வேகம் எல்லாவற்றையும் பக்கவாட்டில் பார்க்கலாம். பின்பக்கத்துக்கும் அடிப்பக்கத்துக்கும் வெளியே கறுப்புக் கடதாசி ஒட்டிவிட்டால் மீன் பயப்படாது. கையில் காசில்லாவிட்டால் உணவுப் பொருள் வைக்கும் பெரிய பிளாஸ்டிக் பெட்டியும் உதவும். மீன் கடைகளில் கிடைக்கும் ரெஜிபோம் பெட்டி குளிரைத் தாங்கும், ஆனால் மேலிருந்து மட்டுமே பார்க்க முடியும். இரசாயனம், மண்ணெண்ணெய், சவர்க்காரம் இருந்த பாத்திரம் எதுவும் வேண்டாம். சீமெந்துத் தொட்டியும் இந்த வேலைக்கு உதவாது. புதுச் சீமெந்திலிருந்து சுண்ணாம்பு கரையும். அதன் துளைகளில் கிருமியும் மருந்தும் தங்கும்.

உள்ளே என்ன வைக்கலாம்?

மணல், கல், சிப்பி, முருகைக்கல் எதுவும் வைக்க வேண்டாம். அழகுக்கு என்று வைக்கும் இவற்றுக்கு நடுவேதான் ஒட்டுண்ணியின் உறைகள் பாதுகாப்பாக இருக்கும். சிப்பியும் முருகைக்கல்லும் மருந்தையும் உறிஞ்சிக்கொள்ளும். வெறும் அடி என்றால் தினமும் காலையில் ஒரு சிறிய குழாயால் அழுக்கை உறிஞ்சி எடுத்துவிடலாம். அப்படி எடுக்கும்போது உறைகளும் குறையும்.

மீன் ஒளிவதற்குத் தண்ணீர்க் குழாயின் துண்டுகளைக் கழுவிப் போடுங்கள். அவை கொதிநீரில் கழுவக்கூடியவை. மேலே வலை அல்லது மூடி கட்டாயம் வேண்டும். பயந்த மீன் முதல் இரவிலேயே வெளியே பாயும்.

பஞ்சு வடிகட்டியை முன்கூட்டியே தயார் செய்யுங்கள்

காற்று மோட்டரில் இயங்கும் பஞ்சு வடிகட்டி மலிவானது, குஞ்சு மீனையும் இழுக்காது. ஆனால் புதிய பஞ்சு அழுக்கைப் பிடிக்குமே தவிர, மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியாவை அழிக்காது. அதைச் செய்வது பஞ்சில் குடியேறும் நல்ல பக்டீரியாக்கள். அவை குடியேற மூன்று நான்கு வாரம் எடுக்கும். எனவே மேலதிகமாக ஒரு பஞ்சை இப்போதே பழைய தொட்டியில் போட்டு வையுங்கள். மீன் வாங்கும் நாளில் அதை எடுத்துத் தனித்தொட்டியில் வைக்கலாம். நோய் கண்ட தொட்டியில் இருந்த பஞ்சைத் திரும்பப் பழைய தொட்டியில் போடக் கூடாது.

பஞ்சு இருந்தாலும் இரண்டு நாளைக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். திறந்த வாளியில் ஒரு முழு நாள் காற்று மோட்டர் போட்டு வைத்த பின்னரே பாவியுங்கள்.

மின்சாரத்தில் கவனம்

2022 மார்ச் மாதத்தில் 13 மணிநேரம் வரை மின்சாரம் வெட்டப்பட்டதை நாம் மறக்கவில்லை. மின்சாரம் நின்றால் காற்று மோட்டரும் நிற்கும். மோட்டரைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள். கீழே இருந்தால் மின்சாரம் நின்றவுடன் குழாய் வழியே தண்ணீர் இறங்கி மோட்டருக்குள் போகும். பற்றரியில் இயங்கும் சிறிய மோட்டர் ஒன்று இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் கோப்பையால் தண்ணீரை அள்ளி ஒரு சாண் உயரத்திலிருந்து அடிக்கடி ஊற்றிக்கொண்டிருங்கள். மீன் குறைவாக இருந்தால் சில மணிநேரம் தாங்கும். அந்த நேரத்தில் சாப்பாடு போட வேண்டாம்.

கடல் மீனுக்கும் குளிர் மாதங்களில் நன்னீர் மீனுக்கும் சூடாக்கி தேவைப்படும். 45 லீற்றருக்கு 50 வாற்று போதும். வெப்பமானியில் 25, 26 பாகை காட்ட வேண்டும். தண்ணீர் மாற்ற முன் பிளக்கைக் கழற்றுங்கள். வயர் பிளக்குக்கு ஏறுவதற்கு முன் கீழ்நோக்கி வளைந்து தொங்க வேண்டும். அப்போது வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டும், பிளக்குக்குள் போகாது. ஈரக் கையால் சுவிச்சைத் தொடாதீர்கள்.

கடல் மீன் வளர்ப்போருக்கு

திருகோணமலை, மட்டக்களப்புக் கரைகளில் சுழியோடிகள் பிடிக்கும் அலங்கார மீன்கள் கொழும்பு ஏற்றுமதியாளரிடம் போய்ச் சேர்கின்றன. நம் நாட்டு நன்னீர் அலங்கார மீனில் பெரும்பகுதி வளர்க்கப்பட்டது. கடல் மீனில் பெரும்பகுதியோ கடலில் பிடிக்கப்பட்டது. எனவே அது கடலின் ஒட்டுண்ணிகளோடுதான் வரும்.

கண்டியிலிருந்து கொழும்புக் கரைக்கே 115 கிலோமீற்றர். கடல்நீரை அள்ளி வருவதைவிட, மீன் கடையில் விற்கும் கடல் உப்புக் கலவையைக் கரைப்பதே வசதி. "புத்தளம் உப்பு இருக்கிறதே, அது கடல் உப்புத்தானே?" என்று பலர் கேட்பார்கள். உப்பளத்தில் கடல்நீர் வற்றும்போது கல்சியம் சார்ந்த உப்புகள் முதலில் படிந்துவிடும். மகனீசியம் கடைசியில் எஞ்சும் கசப்பு நீரோடு வெளியேற்றப்படும். நடுவில் எடுப்பதே நம் சமையல் உப்பு. கறிக்கு அது நல்லது, கடல் மீனுக்கு அது கடலாகாது.

ஒரு லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிறாம் கலவை வேண்டும். 45 லீற்றர் தொட்டியை முதலில் நிரப்ப ஒரு கிலோ 600 கிறாம் வரை போகும். ஒவ்வொரு முறை 15 லீற்றர் மாற்றும்போதும் அரைக் கிலோவுக்குச் சற்று மேல். இந்தச் செலவைக் கணக்கிட்டுவிட்டு மீன் வாங்குங்கள். உப்பை முதல் நாளே தனி வாளியில் கரைத்து, உப்புமானியால் அளந்து வையுங்கள். 1.020 முதல் 1.025 வரை காட்டலாம். மீன் வாங்கும் கடையில் எவ்வளவு என்று கேட்டு, முதல் நாள் அதே அளவில் தொட்டியை வைப்பது மீனுக்கு இதம். தண்ணீர் மட்டத்தில் ஒரு கோடு போட்டு வையுங்கள். வற்றினால் நல்ல தண்ணீரால் நிரப்புங்கள், உப்பு நீரால் அல்ல. வற்றுவது தண்ணீர் மட்டுமே, உப்பு உள்ளேயே இருக்கும்.

வந்த நாளும் வரும் நாட்களும்

மீன் இருக்கும் பையைத் திறக்காமல் கால் மணிநேரம் தொட்டியில் மிதக்க விடுங்கள். பிறகு மீனை மட்டும் வலையால் எடுத்து விடுங்கள். பைத்தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாமல் வெளியே கொட்டுங்கள். முதல் நாள் வெளிச்சமும் வேண்டாம், சாப்பாடும் வேண்டாம்.

தினமும் ஒரு கொப்பியில் நாலு விடயம் எழுதுங்கள்: சாப்பிட்டதா, மூச்சு வேகமா, உடலைக் குழாயில் உரசுகிறதா, புள்ளி, வெண்பூஞ்சணம், தங்கத்தூள் தூவியது போன்ற படலம் ஏதும் உண்டா. இந்தத் தங்கத்தூள் படலம் வெள்ளைப்புள்ளியை விட வேகமாக மீனைக் கொல்லும்.

தனித்தொட்டியை வேறு அறையில் அல்லது சில மீற்றர் தள்ளி வையுங்கள். அதற்கென்று தனி வலை, வாளி, குழாய் வேண்டும். எப்போதும் பழைய தொட்டியின் வேலையை முதலில் முடித்து, கடைசியாகத் தனித்தொட்டிக்குப் போங்கள். பிறகு கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். இடையில் இன்னொரு மீனை அதே தொட்டியில் விட்டால், முதல் மீனுக்கும் நாள் மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கும்.

மருந்து பற்றி

நோய் தெரியாமல் மருந்து ஊற்ற வேண்டாம். வீட்டில் மிஞ்சிய அன்ரிபயோட்டிக் குளிசையை உடைத்துப் போடுவது மீனுக்கும் கேடு, நமக்கும் கேடு. கடல் மீனின் ஒட்டுண்ணிக்குச் செம்பு கலந்த மருந்து கொடுப்பார்கள். ஒரு லீற்றரில் 0.15 முதல் 0.20 மில்லிகிறாம் செம்பு என்பது அதன் அளவு. கூடினால் மீன் சாகும், குறைந்தால் நோய் போகாது. சோதிக்கும் மருந்துப் பெட்டி இல்லாமல் கண்ணளவில் ஊற்றவே கூடாது. இறால், நத்தை, முருகை இருக்கும் தொட்டியில் செம்பு சேர்ந்தால் அவை இறந்துவிடும். மலக்கைற் பச்சை என்ற மருந்தைக் கையுறையின்றித் தொட வேண்டாம். கர்ப்பிணிகள் அதன் பக்கமே போக வேண்டாம்.

நமக்கு ஒரு வசதி இருக்கிறது. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவ பீடம் நம் ஊரிலேயே உள்ளது. அங்கே நீர்வாழ் உயிரினங்களின் நோய்களை ஆராயும் பிரிவும் உண்டு. அழுகிய மீனைக் கொண்டு போனால் எதுவும் கண்டுபிடிக்க முடியாது. நோயுற்ற மீனை உயிரோடு, அதன் தண்ணீரோடு, உங்கள் கொப்பியையும் சேர்த்துக் கொண்டு போங்கள். மீன் வளர்ப்பில் பயிற்சி வேண்டுமென்றால் 1998 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய நீர் உயிரினச் செய்கை அபிவிருத்தி அதிகாரசபையிடம் கேளுங்கள். குருநாகல் மாவட்டத்து ரம்பொடகல்லையில் அதற்கு அலங்கார மீன் நிலையம் ஒன்று உண்டு.

இறந்த மீனைப் புதைத்துவிடுங்கள். நோயுற்ற மீனையும் வேண்டாத மீனையும் மகாவலியிலோ வாய்க்காலிலோ விடாதீர்கள். நம் ஓடைகளில் வேறெங்கும் இல்லாத சிறு மீன்கள் வாழ்கின்றன. அவற்றுக்கு நம் தொட்டி நோய் போகக் கூடாது.

திகனைத் தங்கச்சி இப்போது ஒவ்வொரு மீனையும் முப்பது நாளுக்குக் குறையாமல் தன் வீட்டில் வைத்துப் பார்த்த பின்னரே விடுதிக்குக் கொண்டு போகிறாள். அதற்கென்று கூலியும் தனியாகக் கேட்டு வாங்குகிறாள். கொடுக்கிறார்கள். சாகாத மீனின் பெறுமதி அவர்களுக்கும் தெரிந்துவிட்டது.

கம்பளைச் சகோதரிக்கு ஒரு வார்த்தை. எஞ்சிய பதினொரு மீன்களும் உங்கள் முதல்தான். அவற்றோடு இப்போது புதிதாக எதையும் சேர்க்க வேண்டாம். கடைசிப் புள்ளி மறைந்த நாளிலிருந்து நான்கு வாரம் பொறுங்கள். இதற்கிடையில் ஒரு தனித்தொட்டியை ஒழுங்கு செய்யுங்கள். கப்பி மாதத்துக்கு ஒருமுறை குஞ்சு போடும். பிள்ளைகளின் அடுத்த தவணைக்குள் தொட்டி மீண்டும் நிறையும்.

அடுத்த மாதம் குஞ்சு மீனுக்கு வீட்டிலேயே உயிருணவு வளர்ப்பது பற்றிப் பார்ப்போம். உங்கள் சந்தேகங்களைத் தொடர்ந்து எழுதுங்கள்.